பெனிசிமானிக்குக் கிடைக்காத எண்

பெனிசிமானியின் வீட்டில் மெத்தைக்கு அடியில் ஒரு பாய் எட்டு வருஷமாகக் கிடந்தது. படுக்கிற பாய் இல்லை, இடுப்பில் கட்டுகிற பாய். கல்யாணமானாலும் சாவானாலும் ஞாயிறு ஆராதனையானாலும் எங்கள் டோங்காத் தீவு ஜனங்கள் உடுப்புக்கு மேலே இடுப்பில் பாய் சுற்றாமல் போவதில்லை. அதற்கெல்லாம் அவன் மனைவி தெலேசியாவிடம் வேறு பாய்கள் இருந்தன. இது தனி. பெனியின் அம்மா இறப்பதற்கு முந்தின வருஷம் தீவிலிருந்து கொடுத்தனுப்பியது. நூல் போல மெல்லிசாகக் கிழித்த தாழை ஓலையில், கண் மங்கின பிறகு தடவித் தடவிப் பின்னியது. மகன் முதல் அணிச் சட்டையை வாங்குகிற அன்றைக்கு மருமகள் இதைக் கட்டிக்கொண்டு போகட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்த நாள் வரவில்லை. அதனால் பாயும் மடிப்பு விழாமல், விரித்தபடியே, இரண்டு பேருடைய தூக்கத்துக்கும் அடியில் கிடந்தது.

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் பெனி ஆடிய ரக்பி லீக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் முதன்முதலாக முதல் அணியில் ஆடப் போகிறான் என்றால், ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் வீட்டாரை உடை மாற்றும் அறைக்குள் கூப்பிடுவார்கள். வெளியாள் நுழையாத அறை அது. அம்மாவோ மனைவியோ தன் கையால் அவனுக்குச் சட்டையைக் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டைக் கழுத்தின் உட்புறத்தில் ஒரு எண் தைத்திருக்கும். கிளப் தொடங்கிய நாளிலிருந்து முதல் அணியில் ஆடினவர்களுக்கு வரிசையாகக் கொடுத்துவரும் எண். ஒரே ஒரு ஆட்டம் ஆடினாலும் போதும், அந்த எண் அவனுடையது. அவன் செத்த பிறகும் வேறொருவனுக்குக் கொடுக்க மாட்டார்கள். வாசலில் இருக்கிற மரப்பலகையில் எண்ணையும் பெயரையும் பொன் எழுத்தில் எழுதிவிடுவார்கள்.

பெனிக்கு அப்படி ஒரு எண் வேண்டும். வேறொன்றும் அவன் பெரிதாக ஆசைப்பட்டதில்லை.

இருபத்திரண்டு வயதில் வந்து இரண்டாம் அணியில் சேர்ந்தான். நல்ல உடம்பு, கோபம் வராத மனசு. பகலில் இறைச்சி வைக்கிற குளிர்கிடங்கில் பாரம் தூக்குகிற வண்டி ஓட்டுவான். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் பயிற்சி, வாரக் கடைசியில் ஆட்டம். முதல் வருஷம் இரண்டு தடவை அவன் பெயர் முதல் அணிக்கு அடிபட்டது. மூன்றாவது தடவை அடிபடுவதற்குள் தோள் இறங்கிப்போய் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தான். திரும்பி வந்தபோது அவனுடைய இடத்துக்கு வேறு ஆட்கள் வந்திருந்தார்கள்.

அதற்குள் கிளப்பில் அவனைப் பற்றி இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெனிக்குப் பக்கத்தில் ஆடுகிற பையன் சீக்கிரம் தேறிவிடுகிறான். எப்போது மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும், எதிராளி எந்தக் காலில் திரும்பப் போகிறான், நடுவர் எந்த நேரத்தில் கண்ணை வேறு பக்கம் வைப்பார் என்றெல்லாம் பெனி ஆட்டத்துக்கு நடுவிலேயே காதோரம் சொல்லிக்கொண்டே இருப்பான். பையன் தப்புச் செய்தால் ஓடிப்போய் அந்த ஓட்டையில் தானே நின்றுகொள்வான். அதனால் பத்தொன்பது, இருபது வயதில் யாரைக் கொண்டுவந்தாலும், "பெனி பக்கத்துல நிறுத்து" என்பது அங்கே ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. ஒன்பது வருஷத்தில் ஆறு பையன்கள் அவன் பக்கத்தில் நின்று முதல் அணிக்குப் போனார்கள். ஆறு பேருடைய எண்ணும் அவனுக்கு மனப்பாடம். அவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் அங்கே இருந்தால்தான் பையன்கள் உருப்படுவார்கள் என்று ஒரு பெரியவர் கிளப் கூட்டத்தில் புகழ்ந்து பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். பெனியும் சிரித்துக்கொண்டு தட்டினான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று தெலேசியா சொல்வாள்.

ஏழாவதாக வந்தவன் கெலெப்பி. எங்கள் சபைப் பையன். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவில் கடைசி வரிசையில் நின்று, அந்தச் சின்ன வயதிலேயே தரை அதிரப் பாடுவான். பத்தொன்பது வயது. ஆண்டவர் அவனுக்கு வேகத்தையும் கொடுத்திருந்தார், பலத்தையும் கொடுத்திருந்தார். ஒரே ஒரு குறை. எதிராளி பந்தோடு ஓடி வரும்போது இடது தோளால் மோதிப் பிடிக்க வேண்டி வந்தால், தன் தலை எதிராளியின் முதுகுப் பக்கம் போய்விட வேண்டும். கெலெப்பியின் தலை முன்பக்கம் போய் மாட்டிக்கொள்ளும். சின்ன வயதில் இடது தோளில் அடிபட்டபோது பழகின பழக்கம். இரண்டாம் அணியில் அது தலைவலியோடு போகும். முதல் அணியில் நூற்றிருபது கிலோ ஆள் முழு வேகத்தில் வருவான். கழுத்து போய்விடும்.

பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போனதும் பெனி அவனை நிறுத்திவைப்பான். முதல் மாசம் பூராவும் ஓடவே இல்லை. பெனி பந்தை இடுக்கிக்கொண்டு அவன் இடது தோளை நோக்கி நடந்து வருவான், அவ்வளவுதான். பிறகு மெதுவாக ஓடினான். பிறகு வேகமாக. ஒரு சாயங்காலத்துக்கு நாற்பது தடவை. விழுந்து எழுந்து இரண்டு பேர் முழங்கையும் புல் நிறமாகிவிடும்.

"அண்ணே, நீங்க வந்து சேர்றதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிருவேன்" என்பான் கெலெப்பி.

"தூங்குடா. தலைய மட்டும் எம் முதுகுப் பக்கம் வச்சுட்டுத் தூங்கு."

ஒரு வருஷத்தில் குறை முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் ஆட்டத்தில் ஐம்பது நிமிஷம் தாண்டி உடம்பு களைத்த பிறகு, பழைய பழக்கம் திருடன் போல வந்து எட்டிப்பார்க்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கிற பெனிக்குத் தெரியும்.

அந்த ஜூலை மாசம் ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் முதல் அணியின் முன்வரிசைக்காரர்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடிபட்டார்கள். ஒருவனுக்கு மாற்று ஆள் இருந்தது. இன்னொரு இடம் காலி. இரண்டாம் அணியிலிருந்து ஒருவன் மேலே போயாக வேண்டும். அது கெலெப்பியா, பெனியா என்று மறுநாள் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போதே சபையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெனி காதில் விழாத மாதிரி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது, தெலேசியா மெத்தையை ஒரு பக்கம் தூக்கிப் பாயை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். வெயிலில் போட வேண்டும் என்றாள்.

அன்று சாயங்காலம் முதல் அணிக் கோச் வார்விக் அவனை மைதானத்துக்கு வரச் சொன்னார். குயின்ஸ்லாந்தில் மாடு மேய்க்கிற ஊரில் பிறந்தவர். நல்ல மனுஷர். ஆனால் பேச்சு கயிறு பிடித்த மாதிரி நேராக இருக்கும், சுற்றி வளைக்கத் தெரியாது. கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"கெலெப்பி தயாரா? உன்னைவிட அவனத் தெரிஞ்சவன் யாருமில்ல. அதான் ஒங்கிட்ட கேக்கறேன்."

பெனியின் மனசில் இருந்த சங்கடம் இதுதான். பையன் தயாரில்லை என்பது சத்தியம். ஆனால் அந்தச் சத்தியத்தைச் சொன்னால் அந்த இடம் தனக்கு வரும். ஒன்பது வருஷமாக ஆசைப்பட்ட வாய் அதைச் சொல்லும்போது அது சத்தியமாக இருக்குமா, ஆசையாக இருக்குமா என்று அவனுக்கே தெரியவில்லை. பையனுடைய கழுத்தை நினைத்துக்கொண்டான்.

"இன்னும் இல்ல கோச். அம்பது நிமிஷம் வரைக்கும் ஒண்ணும் பயமில்ல. களைச்சுட்டா இடது பக்கம் தல முன்னாடி போயிருது. பெரிய ஆளுங்க மோதினா கழுத்து தாங்காது."

வார்விக் தலையாட்டினார். "சரி. அப்ப நீ?"

அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் பெனி ஒன்பது வருஷம் காத்திருந்தான்.

"நானா? வேண்டாம் கோச்" என்றான் தரையைப் பார்த்து. "எனக்கு வயசாயிருச்சு. என்னைவிட நல்ல ஆளுங்க இருப்பாங்க."

எங்கள் ஜனங்களைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு மரியாதையைக் கொடுக்க வந்தால் முதல் தடவையே கையை நீட்டி வாங்குகிற வழக்கம் எங்களிடம் இல்லை. போதகர் வந்து அடுத்த ஞாயிறு நீ பிரசங்கம் பண்ணு என்றாலும், விருந்தில் முதல் இடத்தில் உட்கார் என்றாலும், முதலில் நான் தகுதியில்லாதவன் என்று குனிய வேண்டும். கொடுக்கிறவர் வற்புறுத்துவார். அப்போதும் கொஞ்சம் குனிய வேண்டும். மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான் நிமிர்ந்து சரி என்று சொல்வது. முதல் கேள்விக்கே சரி என்கிறவனை வளர்ப்பு சரியில்லை என்பார்கள். அதோடு, பையன் தயாரில்லை என்று சொன்ன அதே மூச்சில் நான் வருகிறேன் என்று சொல்ல அவனுக்கு நாக்கு கூசியது. வழக்கமும் கூச்சமும் சேர்ந்து அந்த வேண்டாம் என்கிற சொல்லைச் சொல்லிவிட்டன. சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காகக் குனிந்தபடி நின்றான்.

"நேர்மையாச் சொன்னதுக்கு நன்றி பெனி" என்று அவன் தோளில் தட்டிவிட்டு வார்விக் நடந்தார்.

பெனி அசையவில்லை. பாதி தூரம் போய்த் திரும்புவார் என்று நினைத்தான். எங்கள் ஆள் என்றால் அப்படித்தான் செய்வார், போகிற மாதிரி போய்த் திரும்புவார். கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி சாலையில் ஏறி, சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை விழுந்ததும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது பாய் இன்னும் துணி காயப்போடுகிற கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. தெலேசியா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பில் இருந்ததை அணைத்தாள். அவன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். அவள் கடைசி வரை கேட்டாள்.

"அந்த மனுஷன் எந்த ஊரு?"

"குயின்ஸ்லாந்து."

"குயின்ஸ்லாந்துக்காரர் எப்படிப்பா ரெண்டாவது தடவ கேப்பாரு? அவங்க வீட்ல கறி வேணுமான்னு ஒரு தடவ கேட்டுட்டு, வேண்டாம்னா தட்ட எடுத்துட்டுப் போயிருவாங்களே. நீ பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறான். அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. காலையில் போய்த் தயார் என்று சொல்லிவிடு என்றாள் அவள்.

"பையன் தயாரில்லன்னு சொன்ன வாயால நான் தயார்னு எப்படிச் சொல்றது?"

"ரெண்டும் உண்மதானே?"

"உண்மதான். அதான் சொல்ல முடியல."

தெலேசியா வெளியே போய்ப் பாயை எடுத்து வந்து நாற்காலி முதுகில் போட்டாள். மெத்தைக்கு அடியில் வைக்கவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெனி வண்டியைக் கிடங்கின் மூலையில் நிறுத்தி, அதிலேயே உட்கார்ந்து ஜெபித்தான். அவன் ஜெபிக்காத நாளில்லை. ஆனால் ஒன்பது வருஷத்தில் இதை ஒரு தடவையும் நேராகக் கேட்டதில்லை. அடுத்தவர்கள் பிள்ளைகளுக்காகக் கேட்பான், உமது சித்தம் என்பான், தன் ஆசையைச் சொல்ல ஆண்டவரிடமும் கூச்சப்பட்டான். அன்றைக்குத்தான், குளிரில் வாயிலிருந்து புகை வர, "ஆண்டவரே, எனக்கு அது வேணும்" என்றான். சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையுறையால் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

சாயங்காலம் பட்டியல் வந்தது. நியூகாசில் பக்கத்திலிருந்து அந்த வருஷம் வந்து சேர்ந்த ஜாரட் என்கிறவன் பெயர் அதில் இருந்தது. ஜாரட்டைப் பெனிதான் முதலில் கட்டிப்பிடித்து வாழ்த்தினான். வெள்ளிக்கிழமை ஜாரட்டின் அம்மா உடை மாற்றும் அறையில் அழுதுகொண்டே சட்டையைக் கொடுத்தாராம். அவன் எண் 609.

கெலெப்பிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் வியாழக்கிழமைப் பயிற்சியில் பெனி பந்தை எடுத்துக்கொண்டு வந்தபோது அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்களாமே."

"ஆமா."

"ஒங்களுக்குக் கிடைக்காதது யாருக்கும் கிடைக்கக் கூடாது. அதானே அண்ணே?"

தனக்கும் வேண்டாம் என்று சொன்னதை பெனி அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வதாக ஆகும் என்று விட்டுவிட்டான். கெலெப்பி குளிக்கப் போய்விட்டான். பெனி கொஞ்ச நேரம் பந்தை வைத்துக்கொண்டு மைதானத்தில் தனியாக நின்றான். மூன்று ஞாயிறு அந்தப் பையன் பாட்டுக்குழுவில் இவன் பக்கம் திரும்பாமல் பாடினான்.

நாலாவது வாரம் ஆட்டத்தில், ஐம்பத்தாறாவது நிமிஷம், எதிரணிக்காரன் ஒருவன் கெலெப்பியின் இடது தோளுக்கு நேராக ஓடி வந்தான். களைத்திருந்த பையனின் தலை முன்பக்கம் போனது. ஒரு சத்தம், அவ்வளவுதான். கெலெப்பி புல்லில் கிடந்தான். பெனி யாரும் அவனைத் தொடாதபடி மேலே குடையாக மண்டியிட்டு, உதட்டுக்குள் ஜெபித்துக்கொண்டே இருந்தான். மருத்துவர் வந்து கேட்டதற்கு பையன் தன் பெயரைச் சொன்னான், விரலை அசைத்தான். இரண்டாம் அணிக்காரன் மோதினதால் தப்பினான். மூன்று வாரம் ஓய்வு என்றார்கள்.

ஓய்வு முடிந்து வந்த முதல் சாயங்காலம், எல்லாரும் போன பிறகு, கெலெப்பி தானாகவே போய் அந்த மூலையில் நின்றான். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "ஓடி வாங்கண்ணே" என்றான்.

"தூங்கிர மாட்டியே?"

"நீங்க வர்ற வேகத்துக்குத் தூக்கம் வரத்தான் செய்யும்."

பெனி முதல் நாளைப் போல நடந்தே வந்தான்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் கெலெப்பி முதல் அணிக்குப் போனான். எண் 614. அவன் அம்மா சட்டையைக் கொடுத்த நேரத்தில் பெனி கிடங்கில் வேலையில் இருந்தான். ஆட்டத்துக்குத் தெலேசியாவைக் கூட்டிக்கொண்டு போனான். அவள் வேறொரு பழைய பாயைக் கட்டிக்கொண்டு வந்தாள். அறுபதாவது நிமிஷத்துக்கு மேல், ஒரு பெரிய ஆள் கெலெப்பியின் இடது தோளைப் பார்த்து வந்தான். பெனி எழுந்து நின்றுவிட்டான். தலை முதுகுப் பக்கம் போனது. ஆள் சுத்தமாக விழுந்தான். சுற்றியிருந்தவர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை, அது ஒரு சாதாரணப் பிடி. தெலேசியா ஆட்டத்தைப் பார்க்கவில்லை, புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது, பொய்யில்லாத சந்தோஷம். அதற்குப் பின்னால் இருந்ததையும் அவள் பார்த்தாள்.

அந்த வருஷக் கடைசியில் பெனியின் முழங்கால் விட்டுவிட்டது. இனி ஆட முடியாது என்றார்கள். செப்டம்பரில் கிளப் முற்றத்தில் இறைச்சி சுட்டு அவனுக்கு வழியனுப்பு வைத்தார்கள். வார்விக் இடுக்கியோடு அடுப்பின் முன்னால் நின்று அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். போன வருஷம் அந்தத் திங்கக்கிழமை கெலெப்பி இல்லன்னா நீதான்னு நான் பட்டியல்ல ஒம் பேர எழுதி வச்சிருந்தேன். நீ ஏன் வேண்டாம்னே?"

பெனி சுடுகிற கறியைப் பார்த்தான். "நீங்க திரும்பக் கேப்பீங்கன்னு இருந்தேன் கோச்."

"திரும்பக் கேட்டிருந்தா?"

"அப்பவும் வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன்."

"அப்புறம்?"

"மூணாவது தடவ கேட்டிருந்தா சரின்னுருப்பேன்."

வார்விக் சிரிக்கவில்லை. இடுக்கியில் இருந்த கறித்துண்டைத் திருப்பவும் மறந்து அப்படியே நின்றார். தங்கள் ஊரில் ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று மெதுவாகச் சொன்னார். தெரியும் என்றான் பெனி. கறி கருகுகிறது என்றும் சொன்னான்.

வெளியே வரும்போது வாசல் பலகையைக் கடக்க வேண்டும். அவன் எப்போதும் போல ஒரு நிமிஷம் நின்றான். அவன் பக்கத்தில் நின்று ஆடிப் போனவர்களின் பெயர்கள் ஏழு. கடைசிக்குக் கொஞ்சம் மேலே 608 ஒரு வரி, 609 ஒரு வரி. இடையில் இடம் எதுவும் விட்டிருக்கவில்லை. அப்படியும் அவன் கண் அங்கேதான் போனது. காரில் காத்திருந்த தெலேசியா கதவைத் திறந்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நல்ல வெயில். நாற்காலி முதுகிலேயே கிடந்த பாயை அவள் வெளியே போட்டாள். சாயங்காலம் பாயைத் தட்டி எடுத்து வந்தபோது, அவன் முழங்காலை நீட்டிவைத்துக் குனிந்து மெத்தையை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தான். அவள் பாயை மடிப்பு விழாமல் உள்ளே விரித்தாள்.